ரோசா நேர்ந்த குரல்

மழைக்காலம் வந்துவிட்டால் கன்னியாஸ்திரி மடத்துத் தையல்கூடத்தில் எல்லோருக்கும் முதல் வேலை கையைக் காயவைப்பதுதான். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் பூப்போடுகிற வேலை. விரலில் ஈரம் இருந்தால் நூல் கறுத்துவிடும். மஞ்சள் பட்ட கையோடு உட்கார்ந்தால் அந்த மேசைவிரிப்பே வீண். அதனால் ஐப்பசி பிறந்ததிலிருந்து ரோசா வீட்டில் குழம்பு கூட்டுவதை மகளிடம் விட்டிருந்தாள். கூடத்தின் மூலையில் ஒரு கரியடுப்பு புகையாமல் கனன்றுகொண்டிருக்கும். பெண்கள் உள்ளங்கையை அதற்குக் காட்டி, முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் தட்டித் தேய்த்துக்கொண்டு ஊசியை எடுப்பார்கள்.

அது எண்பதாம் வருஷம். ரோசாவின் மகள் லூர்துசெல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அந்தோணி, தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற கடைசல் வேலை. உழவர்கரையில் சொந்த வீடு. மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அவர் இறந்த பிறகும் பென்சன் வந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் தை மாதத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

"ரோசாக்கா, கல்யாணத்துல அண்ணன் ரெண்டு கொரல்லயும் பாடுவாரா, பாதிதானா?" என்று பக்கத்துச் சட்டத்தில் தைத்துக்கொண்டிருந்த வேம்பு கேட்டாள்.

"பாதிதான்."

"அப்ப எங்களுக்கு மொய்யும் பாதிதான்."

கூடம் சிரித்தது. ரோசாவும் சிரித்தாள். ஆனால் ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தம் துணியில் படுவதற்குள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

லூயிஸ் என்று மட்டும் கூப்பிட்டால் நெல்லித்தோப்பில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். டபுள் வாய்ஸ் லூயிஸ் என்றால் ரோசாவின் புருஷன் ஒருவர்தான். மீசை முளைக்காத வயதில் பஞ்சாலைக்குப் போனவர் அவர். தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கிற சத்தத்தில் கட்டைக் குரல் எடுபடாது. எதிர்ச் சாரியில் நிற்பவனைக் கூப்பிட வேண்டுமானால் குரலை மெல்லிசாக்கி மேலே தூக்க வேண்டும். அப்போது அது சத்தத்தின் தலைக்கு மேலே இழைபோல ஓடிப்போய்ச் சேரும். லூயிஸ் அப்படிக் கூப்பிட்டுப் பழகினார். கூப்பிட்டது நாளடைவில் பாட்டானது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் லத்தீன் பாடுவார். சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைக்கார அதிகாரிகள் கூடி ஆடுகிற இடத்தில் பிரெஞ்சுப் பாட்டு. ஒரு வார்த்தைக்கும் அவருக்குப் பொருள் தெரியாது. கிராமபோன் தட்டில் கேட்டதை அப்படியே வாயில் ஏற்றிக்கொள்வார். ஆனாலும் அழ வேண்டிய இடத்தில் வெள்ளைக்காரச்சிகள் அழுதார்கள். ஆட்சி கைமாறிய பிறகு அதே வாய் தமிழும் இந்தியும் தெலுங்கும் பாடியது. மாரியம்மன் கோயில் கச்சேரியில் முதல் பாட்டு பிள்ளையாருக்கு. அதையும் லூயிஸ்தான் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். பங்குச் சாமியாரிடம் யாரோ அதைப் பற்றிக் கோள் சொன்னபோது, "பந்தி போட்டவன் ஊட்டு சாமிய கும்புட்டுட்டு தானே சோறு துன்னணும்" என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை மெட்ராசுக்கும் போனார். சினிமாப் பாட்டில் கூட்டத்தோடு நின்று பாடுகிற வேலை. சில மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்து, "அத்தினி பேரு பாடுறதுல என் கொரலு எதுன்னு எனக்கே தெரியல ரோசா" என்றார். மறுபடி தறிக்கே போனார்.

லூயிஸ் இருந்த இன்னிசைக் குழுவில் அவரோடு ஜோடிப் பாட்டுப் பாடியவள் ஜெயம். முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெண். லூயிஸை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ரோசா கல்யாணமாகி வந்த புதிதில் கனகசெட்டிக்குளத்தில் ஒரு திருவிழாக் கச்சேரி. ஜெயத்துக்கு அன்றைக்கு விஷக்காய்ச்சல். மீனவர் ஊர், பொம்பளைப் பாட்டு இல்லையென்றால் மேடையைப் பிரித்துவிடுவார்கள். லூயிஸ் தன் குரலில் ஒரு அடியும் ஜெயத்தின் குரலில் ஒரு அடியுமாக எல்லாப் பாட்டையும் தானே பாடி முடித்தார். ஜனம் நம்பவில்லை. திரைக்குப் பின்னால் பெண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு பேர் திரையைத் தூக்கியே பார்த்தார்கள். பாடகிக்கென்று ஊர்ப் பஞ்சாயத்தார் வாங்கி வைத்திருந்த பச்சைச் சேலையை வேறு வழியில்லாமல் லூயிஸின் தோளில் போட்டார்கள்.

அவர் அந்தச் சேலையைக் கொண்டுவந்து ரோசாவிடம் கொடுத்தார். ரோசா கட்டவில்லை. பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷமே ஜெயத்துக்குக் கல்யாணமானது. மேடை ஏறக்கூடாது என்று புருஷன் சொல்லிவிட்டான். போவதற்கு முன் ஒரு மாதம்போல அவள் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்து, வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தன் பாட்டையெல்லாம் லூயிஸுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்கே மூச்சு வாங்குவது, எந்த எழுத்தை மூக்கில் தொட்டு விடுவது என்பதெல்லாம். ரோசா அப்போது வயிற்றில் செல்வியைச் சுமந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைப்பாள். உள்ளே போனால் வெளியே இருந்து ஜெயத்தின் குரல் இரண்டு தடவை கேட்கும். இரண்டாவது தடவை பாடியது தன் புருஷன் என்பது அவளுக்கு ஒருவிதமாக இருந்தது.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. அது ரோசாவுக்கும் தெரியும். ஆனால் ஜெயம் போன பிறகும் அந்தக் குரல் வீட்டிலேயே தங்கிவிட்டது. முகம் மழிக்கும்போதும், சைக்கிளுக்கு எண்ணெய் போடும்போதும் அவர் வாயிலிருந்து அது வரும். அத்தனை வருஷத்தில் ரோசா அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் 'அந்தம்மா' என்பாள்.

மகள் வளர்ந்து சம்பந்தம் பேச ஆரம்பித்தபோதுதான் அந்தக் குரல் வாசலில் குறுக்கே நின்றது. ஒரு வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போகிற வழியில், "கல்யாணத்துல பொண்ணுக்கு அப்பா நிப்பாரா, அம்மா நிப்பாங்களா, ரெண்டும் அவரேவா?" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். அது செல்வியின் காதிலேயே விழுந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ஆவணியில் உழவர்கரைக்காரர்கள் வந்தார்கள். அந்தோணியின் அம்மா அமலோற்பவம் அம்மாள் நல்ல மாதிரி. சுறாப்புட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எழுந்திருக்கும்போது மட்டும், "சம்பந்தி கல்யாணத்துல பாடணும். ஆம்பளையாப் பாடுனாப் போதும்" என்று சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ரோசா வில்லியனூருக்கு பஸ் ஏறினாள். லூர்து மாதா கோயில் குளத்தங்கரையில் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா, இந்த இடம் முடிந்துவிட்டால் எம்புருஷன் இனிமேல் பொம்பளைக் குரலில் வாயைத் திறக்கமாட்டார், அந்தக் குரலை உன் காலடியில் வைத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அடுத்த வாரமே உழவர்கரையிலிருந்து சம்மதம் வந்தது.

அன்று சாயங்காலம் லூயிஸிடம் சொன்னாள். 

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குரல் வீட்டில் கேட்கவில்லை. குழுவில் வசந்தா என்று ஒரு இளம் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். சைக்கிளுக்கு எண்ணெய் போடும்போது லூயிஸ் சும்மா எண்ணெய் மட்டும் போட்டார். நேர்ந்த நேரத்தில் இப்படி ஒரு அமைதி வரும் என்று ரோசா நினைத்திருக்கவில்லை.

*

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மாலை, ரோசா வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது வாசலில் ஒரு ஆள் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தான். ஜெயத்தின் தம்பி கன்னியப்பன். ஆலையில் முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். தலையில் பஞ்சு, அதன்மேல் மழை.

உள்ளே வரச் சொன்னாள். ஈரமாக இருக்கிறேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். விஷயத்தைச் சொன்னான். புருஷன் செத்த பிறகு ஜெயம் தம்பி வீட்டோடு இருக்கிறாள். தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அதோடு குரலும் போய்விட்டது. இப்போது கட்டி மறுபடி வந்துவிட்டது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்கா கேக்குது. அது பாடுன எதுவும் தட்டுல கிடையாது, டேப்புல கிடையாது. அண்ணங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. ஒரு தடவ வந்து பாடிக் காட்டச் சொல்லுது. போறதுக்குள்ள எங்கொரல நான் ஒரு தடவ கேட்டுர்றேன்னு."

ரோசா நேர்ச்சையைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போதே, இவன் ஏதாவது சண்டைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவன் வரவில்லை.

"சாமிக்கு நேந்ததுன்னா நான் இன்னா சொல்றதுக்கா" என்றான். செல்வி கொடுத்த காப்பியைக் குடித்தான். டம்ளரை மழைத்தண்ணீரிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்தான். கோணிப்பையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

லூயிஸ் வந்ததும் சொல்லிவிட்டாள். மறைக்க அவளுக்குத் தெரியாது. அவர் சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வாளைக் கருவாட்டைத் தொடவில்லை.

"நீ நேர்ந்தது. நீதான் சொல்லணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் ரோசாவுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளே முதலியார்பேட்டைக்குப் போனாள். ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். முடியாது என்று நேரில் சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று நினைத்தாள். போகிற வழியெல்லாம் தெருவில் முழங்கால் தண்ணீர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஜெயம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. ஆளே பாதியாகியிருந்தாள். ரோசாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் உதட்டை அசைத்தாள், சத்தமே வரவில்லை. பக்கத்தில் நின்ற கன்னியப்பன் உதட்டைப் பார்த்து எடுத்துச் சொன்னான்.

"மழையில ஏங்கா வந்தன்னு கேக்குது."

ரோசா கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். ஜெயத்துக்குக் கரண்டி கரண்டியாகத்தான் இறங்கியது. பாதியில் நிறுத்திவிட்டு ரோசாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி குத்தி, ஈரத்தில் ஊறி, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. கட்டிலடியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். ஒரு சொட்டு எடுத்து ரோசாவின் விரல் ஒவ்வொன்றிலும் தடவினாள். ரோசா கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். இழுக்கவில்லை.

ஜெயம் மறுபடி உதட்டை அசைத்தாள்.  கன்னியப்பன் அக்காளின் முகத்தைப் பார்த்தான். அவள் சொல்லு என்பதுபோலத் தலையசைத்தாள்.

"எங்கொரலு இத்தினி வருசமா ஒங்க ஊட்டுல கெடந்துச்சே, ஒனக்குத் தொந்தரவா இருந்துச்சாக்கான்னு கேக்குது."

ஓட்டு வீட்டின் ஒழுகல் ஒரு பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.  இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்சம் இருந்துச்சு" என்றாள் ரோசா கடைசியில்.

ஜெயம் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கன்னியப்பன் அதற்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எதைச் சொல்ல வந்தாளோ அதைச் சொல்லாமலே ரோசா எழுந்து வந்துவிட்டாள்.

நேராகக் கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூரை ஒழுகுகிற இடத்திலெல்லாம் வாளியும் குண்டானுமாக வைத்துக்கொண்டிருந்தார். ரோசாவும் ஒரு குண்டானைப் பிடித்து நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சாமியாருக்கு இது புதிதில்லை. நேர்ச்சையை அதற்குச் சமமான இன்னொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்றும், தான் அனுமதி கொடுப்பதாகவும் சொன்னார்.

"எது சாமி சமம்?"

"அது ஒனக்குத்தான் தெரியும். அந்த வாளி ரொம்பிடுச்சு பாரு" என்றார்.

ரோசா வாளியைக் கொண்டுபோய் வெளியே கொட்டினாள். தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் நமக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்றுதானே அவர் குரலை வைத்தோம். அவருடையதை எடுத்து நாம் வைத்தோமே தவிர, நம்முடையது எதையும் வைக்கவில்லையே. அதற்குச் சமம் நம் வெட்கம்தான். அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அவிழ்த்துவிட்டால் இன்னும் இடுப்புக்குக் கீழே வரும். வாலிபத்தில் லூயிஸ் அவளைப் பார்த்துத் திரும்பியது இதற்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

*

இரண்டு நாள் கழித்து மழை விட்டு வெயில் அடித்தது. ஆலைச் சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ரோசாவும் லூயிஸும் முதலியார்பேட்டைக்குப் போனார்கள். ரோசா பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்து வந்திருந்தாள். மடிப்பில் அந்துருண்டை வாசம்.

"இது ஒங்குளுது. கனகசெட்டிக்குளத்துக்காரங்க குடுத்தது. எங்கிட்ட இருந்துடுச்சு" என்று ஜெயத்தின் மடியில் வைத்தாள். ஜெயம் சேலையை ஒரு கையால் தடவிக்கொண்டே லூயிஸைப் பார்த்தாள்.

லூயிஸ் கழுத்து மப்ளரை அவிழ்த்து முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். ஒரு பாட்டைத் தொடங்கினார். அது குழுவின் சொந்தப் பாட்டு; கூடத் தறி ஓட்டியவன் ஒருத்தன் கட்டிக் கொடுத்தது.

*கரைக்கு வந்த அலைக்கெல்லாம் கால்வலிக்குமோ,*
*கடலுக்குள்ளே திரும்பிப்போக வழி கிடைக்குமோ.*

முதல் அடி ஆண் குரல். இரண்டாவது அடி ஜெயத்தினுடையது. குரலை மேலே எடுத்தார். உடைந்துவிட்டது. மாதக்கணக்கில் திறக்காத கதவு. இருமிவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடி உடைந்தது. அவர் நெற்றியில் வேர்த்தது. ரோசா தன் சேலைத் தலைப்பை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் வெந்நீர் வாங்கி வந்து கொடுத்தாள்.

மூன்றாவது தடவை வந்துவிட்டது.

மெல்லிசாக, மூக்கைத் தொட்டும் தொடாமலும், வேப்பமரத்தடியில் கேட்ட அதே குரல். ஜெயம் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு கூடவே அசைந்தது. அறையில் பாடுவது யார், உதட்டை அசைப்பது யார் என்று தெரியவில்லை. கன்னியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சரணத்தில் ஓரிடத்தில் ஜெயம் கட்டில் சட்டத்தைப் படபடவென்று தட்டினாள். லூயிஸ் நிறுத்தினார். அவள் உதட்டை அசைத்தாள்.

"அங்க மூச்சு வாங்கக் கூடாதாம்ணே. அப்பவே சொன்னேனேங்குது" என்றான் கன்னியப்பன்.

"வயசாயிடுச்சு ஜெயம்" என்றார் லூயிஸ்.

"அதெல்லாம் தெரியாது, மொதல்லேருந்துங்குது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லூயிஸ் முதலிலிருந்து பாடினார். அந்த இடத்தில் மூச்சு வாங்கவில்லை. ஜெயம் கண்ணைத் திறந்து ரோசாவைப் பார்த்தாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. ரோசா ஆமாம் என்று தலையாட்டினாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் அதை உட்கார்ந்து கேட்டதில்லை.

மார்கழியில் ஜெயம் போய்விட்டாள். அந்தப் பச்சைச் சேலையைக் கட்டித்தான் அனுப்பினார்கள்.

*

அதற்குள் ரோசா வேளாங்கண்ணிக்குப் போய் வந்திருந்தாள். வேம்புவை மட்டும் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்ததை வேளாங்கண்ணியில் கொடுத்தால் கணக்காகுமா என்று பஸ்ஸில் வேம்பு கேட்டாள். "அம்மா ஒருத்திதான்டி. ஊடுதான் வேற வேற" என்றாள் ரோசா. முடியெடுக்கிறவர் கத்தி வைக்கும்போது வேம்புதான் அழுதாள்.

வீட்டுக்கு வந்து முக்காட்டை எடுத்ததும் செல்வி கத்திவிட்டாள். "என்னம்மா இது, கல்யாணத்த வச்சுக்கிட்டு! அவங்க ஊட்ல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?" ரோசா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது லூயிஸ் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. உள்ளே வந்தார். மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"குளிருதா?" என்றார்.

"காத்துலதான் கொஞ்சம்."

அவர் தன் கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்தார். பனிக்காலத்தில் அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. தூங்கும்போதுகூடக் கழுத்தில் இருக்கும். அதை அவள் தலையில் சுற்றி, காதை மறைத்து முடிச்சுப் போட்டார். செல்வி அழுதுகொண்டே போய் அடுப்பை மூட்டினாள்.

தையில் கல்யாணம். கோயிலுக்குள் ரோசாவுக்குக் கஷ்டமே இல்லை. எல்லாப் பெண்களும் முக்காட்டில்தான் இருந்தார்கள். வெளியே வந்து பங்கு மண்டபத்தில் விருந்து தொடங்கியதும் மற்றவர்கள் முக்காட்டை எடுத்துப் பூவை வெளியே விட்டார்கள். ரோசா மட்டும் தலைப்பைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே பந்திக்கும் வாசலுக்கும் நடந்தாள். மண்டபத்தின் மூலையில் குழுக்காரர்கள் மேடை போட்டிருந்தார்கள். லூயிஸ் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் செய்கிற மரியாதை. வசந்தா மைக்கின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சம்பந்திக்குச் சம்பந்தி பூ வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு என்பதை ரோசா மறந்தே போயிருந்தாள். அமலோற்பவம் அம்மாள் பெரிய மல்லிகைச் சரத்தோடு வந்து, பேசிக்கொண்டே, பழக்கத்தில் அவள் முக்காட்டுக்குள் பின்னால் கையை விட்டுவிட்டாள். கை கொண்டையைத் தேடியது. புதிதாக முளைத்த முடிதான் குத்தியது.

அந்தக் கை அப்படியே நின்றது.  சுற்றிலும் உறவுப் பெண்கள்.

அமலோற்பவம் அம்மாள் கையை வெளியே எடுக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வந்து, தன் உடம்பால் மற்றவர்களுக்கு மறைத்துக்கொண்டாள்.

"எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரோசா மெதுவாகவே சொன்னாள். நேர்ந்தது, கன்னியப்பன் வந்தது, முதலியார்பேட்டைக்குப் போனது எல்லாம். நீட்டவும் இல்லை, எதையும் விடவும் இல்லை.

"நான் வெளையாட்டாச் சொன்னது சம்பந்தி" என்றாள் அமலோற்பவம் அம்மாள். "சுறாப்புட்டு துன்ன வாயி, ஏதோ சொல்லிடுச்சு. அதப் போயி மாதா வரைக்கும் கொண்டு போயிட்டீங்களே."

தன் சேலை மடிப்பிலிருந்த ஊக்கை எடுத்தாள். மல்லிகைச் சரத்தை ரோசாவின் முக்காட்டின் மேலேயே, காதோரமாக வளைத்து, ஊக்கு வெளியே தெரியாமல் குத்தினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டே போட்டோக்காரனைக் கூப்பிட்டாள். முக்காட்டை எடுத்துவிட்டு நிற்கச் சொன்ன போட்டோக்காரனிடம், "எங்க ஊட்டு வழக்கம் இதுதான், நீ எடு" என்றாள். அவளும் தன் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

படம் எடுத்து முடித்ததும் மேடைப் பக்கம் கையைக் காட்டினாள். "போய் அவரைப் பாடச் சொல்லுங்க. பாதியாப் பாடுனா எம்மவனுக்குப் பாதிக் கல்யாணம்தான்."

ரோசா மேடையடிக்குப் போனாள். லூயிஸ் அலைப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். முதல் அடி முடிந்து வசந்தா மைக்குக்கு வந்தாள். லூயிஸ் கீழே நின்ற ரோசாவைப் பார்த்தார். முக்காட்டின் மேல் பூவைப் பார்த்தார். ரோசா தலையசைத்தாள். வசந்தா கெட்டிக்காரப் பெண். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அந்தக் குரல் எழுந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். மேடையில் வசந்தாவின் வாய் மூடியிருந்தது. யாரோ திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். சரணம் வந்தது. மூச்சு வாங்கக் கூடாத அந்த இடம் வந்தது. ரோசா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாங்கவில்லை.

உழவர்கரையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் ரோசாவின் கையைத் தொட்டாள்.

"யாரும்மா இது பாடுறது? எவ்வளவு நல்லா இருக்கு."

"ஜெயம்" என்றாள் ரோசா. "முதலியார்பேட்டை ஜெயம்."